முன்னிருக்கையின் எடை

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துவிட ஆளில்லை என்று சாக்குச் சொல்வாள். நீ தேய்த்துவிடு.

தீவில் போன் எடுக்காது. தபால் படகு வாரத்தில் இரண்டு முறை வரும், கடல் சம்மதித்தால். ஆகவே இனி கடிதம்தான்.

அதே வீடுதான் கிடைத்தது. ஓர் அறை, ஓர் அடுப்பு, கடலைப் பார்த்த ஜன்னல். ஜன்னல் கொக்கியை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. ஆடும் மேசைக்காலின் கீழே போன வருஷம் மடித்து வைத்த அட்டை அப்படியே இருக்கிறது.

விடுமுறைக்கு வந்தவர்கள் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வட்டமடிக்கிறார்கள். படகு வாடகைக்கு விடும் அம்மா கரையிலிருந்து கத்துகிறாள்: "சார், கடல் என்ன காப்பியா, கலக்கிட்டே இருக்கீங்க?" என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். அதே படகைக் கொடுத்தாள்.

இருவர் உட்காரும் துடுப்புப் படகு அது. தனியாகப் போகிறவர் பின்னால் உட்கார வேண்டும். முன்னிருக்கையில் மணல்மூட்டை. இல்லாவிட்டால் படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், காற்று திருப்பிவிடும். மூட்டைக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டவா என்று கேட்டேன். "அது பொழைச்சுக்கும். நீங்க மாட்டிக்கங்க" என்றாள்.

காலையில் தூண்டில் போட்டேன். இரண்டு சின்ன மீன். திருப்பி விட்டுவிட்டேன்.

பட்டறைக் கதவில் என் எடையை எழுதினாயே, அந்த இடத்தில் யாரும் சாயாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

நாங்கள் இங்கே நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் அவளைவிட அதிகமாகப் பேசுகிறது. நீ சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே கேள்வி.

பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது. முத்திரைக்கு வந்த எடைக்கற்கள், துருப்பிடித்த தராசுகள். மேடைத் தராசு மட்டும் வழக்கம்போல வாசலருகே சும்மா நிற்கிறது, நம் வீட்டு ஆட்களுக்காக.

உன் எண் கதவில் பத்திரமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு. அப்பா இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தபோது என்ன சொல்வார், நினைவிருக்கிறதா? "போன சரக்கு குறையாம வந்திருக்கான்னு பாக்கணும்ல." ஊருக்குப் போகும்போது ஓர் எண், வந்ததும் கீழே இன்னோர் எண். கதவு முழுக்க ஜோடி ஜோடியாக எண்கள்.

உன்னுடையதை விட்டால் ஜோடி இல்லாதது ஒன்றுதான். அத்தானுடையது. எழுபத்தெட்டு. கீழே காலி.

தராசில் செருப்போடு ஏறாதீர்கள் என்றால் கேட்பாரா? "வீட்டு வாசல்ல கழட்டுவேன்டா. இங்க இதுவும் நான்தான்" என்பார். போன வருஷம் கரையில் கிடைத்த அந்த ஒற்றைச் செருப்பை அம்மா நேற்று துடைத்து அலமாரியிலேயே வைத்தாள்.

சொல்லிக்காட்டவில்லை அக்கா. ஆனால் அந்த வீட்டிலிருந்து, அந்தப் படகில்தான் அவர் தூண்டிலோடு தனியாகப் போனார். படகு வந்தது. அவர் வரவில்லை. உலகத்தில் வேறு தீவே இல்லையா, விடுமுறைக்கு?

எப்போது திரும்புகிறாய்? தேதி எழுது.

உன் தம்பி
குன்றிமணி


பிப்ரவரி 26

தம்பி,

சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல். உடம்புக்கு ஒன்றுமில்லை, தோல்தான் கறுத்துவிட்டது.

நேற்று மூட்டையை மறந்துவிட்டேன்.

பாதி தூரம் போன பிறகுதான் பார்த்தேன். முன்னிருக்கை காலி. ஆனால் மூக்கு தூக்கவில்லை. நீரோடு சமமாக இருந்தது. பக்கக் காற்று அடித்தது. படகு திரும்பவில்லை.

முன்னால் ஒருவர் உட்கார்ந்து தூண்டில் போட, பின்னால் ஒருவர் துடுப்புப் போட்டால் எப்படிப் போகுமோ, அப்படிப் போனது.

மணல்திட்டு வரை போனேன். திரும்பும்போது வேகமாகத் துடுப்புப் போடவில்லை. முன்னால் இருப்பவர் மேல் தண்ணீர் தெறிக்கும். அது பழக்கம்.

தேதி இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், மூட்டை வரும் பகுதியை விட்டுவிட்டு.

தராசுக்காரன் மகளாகப் பிறந்துவிட்டு இப்படி எழுதலாமா? படகு ஓட்டை. மூக்கில் தண்ணீர் புகுந்திருக்கும், அதனால் கனத்திருக்கும். கவிழ்த்துப் பார்க்கச் சொல்.

ஓட்டை இல்லையென்றால் இப்படிச் செய். படகும் ஒரு தராசுதான். நீ வழக்கம்போலப் பின்னால் உட்கார். முன்னிருக்கை காலியாக இருக்கும்போது மூக்கில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கோடு போடச் சொல். பிறகு பத்துக் கிலோ மூட்டை ஒன்று வைத்து ஒரு கோடு. இரண்டு வைத்து ஒரு கோடு. இப்படி எட்டு வரை. அப்புறம் மூட்டையெல்லாம் இறக்கிவிட்டுப் போய்விட்டு வா. தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்.

முதல் கோட்டில்தான் நிற்கும். அப்போது நீயே சிரிப்பாய். சிரித்துவிட்டு மூட்டை கட்டு. உன் துணி மூட்டையை.

குன்றிமணி


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காற்று அதிகம். ஜன்னல் கொக்கிக்குக் கயிறு கட்டியிருக்கிறேன்.

ஓட்டை இல்லை. கவிழ்த்துப் பார்த்தோம். உள்ளே உலர்ந்த மணல்தான் கொட்டியது.

உன் தராசு வேலையைச் செய்தோம். படகுக்காரம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். சிவப்புப் பெயின்ட். "என் படகு என்ன ஸ்கூல் ஸ்கேலா? உங்க தம்பிக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். அவனுக்கு இதுதான் வேலை என்றேன். "அப்ப கல்யாணம் பண்ணி வைங்க" என்றாள்.

போகும்போது அவளே பார்த்தாள். காலிக் கோடு.

மணல்திட்டைத் தாண்டிப் போய்விட்டு வந்தேன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். ஒரு மூட்டைக் கோட்டுக்குச் சற்று மேலே.

"பாசி பிடிச்சிருக்கும்" என்றாள்.

பாசி பத்துக் கிலோ இருக்குமா என்று கேட்டேன். அவள் பெயின்ட் டப்பாவை மூட ஆரம்பித்தாள்.

நீ சொன்னபடி சிரித்துப் பார்த்தேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

அம்மா விசாரிக்கிறாள். முழங்கால் பரவாயில்லை.

ஒரு முறை அளந்தது அளவே இல்லை. அலை இருந்திருக்கும், அவள் கை நடுங்கியிருக்கும். இந்தத் தொழிலில் ஒரு கல்லைக் குறைந்தது மூன்று தரம் நிறுக்காமல் முத்திரை குத்த மாட்டோம். ஆகவே திரும்பவும் அள. அதே பாதை, அதே இடம், அதே நேரம், அலை இல்லாத நாள். ஒவ்வொரு தடவையும் கோட்டை எழுதி அனுப்பு.

கணக்கு மாறி மாறி வந்தால் பிழை என்று அர்த்தம். அதுதான் எனக்கு வேண்டும்.

திட்டைத் தாண்டிப் போகாதே என்று எழுத உட்கார்ந்தேன். அதே இடம் என்றும் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒத்துவரவில்லை. கவனமாகப் போ.

குன்றிமணி


ஏப்ரல் 20

தம்பி,

நலம்.

இரண்டு. அப்புறம் மூன்று. அப்புறம் நான்கும் கொஞ்சமும். மாறி மாறி வரவில்லை. ஏறுகிறது.

இப்போது போகும்போதும் காலிக் கோடு இல்லை. விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது. படகை மணலில் இழுக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

திட்டுக்கு அப்பால், தண்ணீரின் நிறம் மாறும் இடத்தில் நிறுத்திவிடுவேன். துடுப்பை மடியில் வைத்துக்கொள்வேன். கூப்பிடுவதில்லை. பேசுவதில்லை. கொஞ்ச நேரத்தில் படகு ஒரு தடவை மெதுவாக அமிழும். யாரோ விளிம்பைப் பிடித்து ஏறுவது போல இல்லை. ஏற்கனவே உட்கார்ந்திருப்பவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்காருவது போல.

அவர் தனியாகப் போன அன்று, எனக்குத் தலைவலி, அதனால் கூடப் போகவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.

நீ சொல்லாவிட்டால் எனக்கு அளக்கத் தோன்றியிருக்காது. ஏதோ பிரமை என்று ஊருக்கு வந்திருப்பேன். இப்போது எவ்வளவு பாக்கி என்று தெரிகிறது. முழுசாகட்டும்.

அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

நிறுத்து.

நான்தான் முட்டாள். இல்லையென்று நிரூபிக்க உன்னைத் திரும்பத் திரும்பக் கடலுக்கு அனுப்பினேன். எதைப் பார்த்தாலும் நிறுக்கச் சொல்லும் புத்தி. இனி எந்தக் கோடும் எனக்கு வேண்டாம். அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிவிடச் சொல்.

அத்தான் போய்விட்டார். போனவரை நானும் நேசித்தேன். ஆனால் கதவில் உன் எண்ணுக்குக் கீழேயும் காலியாகத்தான் இருக்கிறது. அம்மா தினமும் அங்கே வந்து நிற்கிறாள். எதற்கு வந்தேன் என்று மறந்துவிட்டதாகச் சொல்கிறாள்.

ஒரு கதவுக்கு ஒரு காலியிடம் போதும். வந்துவிடு. இல்லையென்றால் நான் வருவேன்.

குன்றிமணி


மே 20

மதிப்பிற்குரிய படகுக்காரம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமென்று நினைக்கிறேன். நான் தங்கள் தீவில் தங்கியிருப்பவரின் தம்பி. படகில் கோடு போடச் சொன்னவன்.

அக்காவிடமிருந்து கடிதமே இல்லை. நானே வரலாம் என்று படகுத்துறைக்குப் போனேன். காற்று மாறிவிட்டது, கடல் அடங்கும்வரை ஆள் ஏற்றுவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தபால் பை மட்டும் எப்போதாவது போகிறதாம்.

அவளுக்குப் படகு தராதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை. அவள் சாப்பிடுகிறாளா? என்ன பேசுகிறாள்? ஒரு வரி எழுதினாலும் போதும்.

பணிவுடன்,
தராசுப் பட்டறைக்காரன்


ஜூன் 1

தம்பிக்கு,

நலம். நீங்கள் நலமா என்று இனி நேரிலேயே கேட்பேன்.

எட்டு மூட்டைக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றுவிட்டது. பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தும் ஏறவில்லை. ஆகவே இது முழுசுதான்.

ஆட்களை ஏற்ற ஆரம்பித்ததும் முதல் படகில் வருகிறேன். மேடைத் தராசுக்கு எண்ணெய் போட்டு, எடைக்கல் வைத்துச் சரிபார்த்து வை. சுண்ணாம்புக்கட்டி ஒன்று வாங்கு. பட்டறை வழியாகத்தான் உள்ளே வருவேன்.

அக்கா


ஜூன் 9

தராசுக்காரத் தம்பிக்கு,

நான் நல்லாருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க? எனக்கு உங்கள மாதிரி எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதறேன்.

உங்க லெட்டர் லேட்டாத்தான் கெடச்சுது. அதுக்கு முன்னாடியே நான் படகு தர மாட்டேன்னு சொல்லிட்டேன். கேட்டாங்களா? எல்லாப் படகையும் கரையேத்திட்டேன். அந்த ஒண்ணை மட்டும் தள்ளவே முடியல. நாலு ஆம்பளைங்களோட சேந்து தள்ளினோம், அசையல. உங்க அக்கா வந்து கை வச்சாங்க, படகு தண்ணிக்குள்ள போச்சு.

ஒரே படகுல ரெண்டு பேரைத் தொலைச்சவள்னு என்னைப் பேசுவாங்களே. திட்டிட்டே கரையில நின்னேன். திரும்பி வர்றப்ப பாக்கறேன், மூக்கு ஆகாசத்தப் பாத்துட்டு நிக்குது. மூட்டை இல்லாத படகு எப்படி வரும், அப்படி. காலிக் கோடு தண்ணிக்கு மேல. அப்பாடா, விட்டுது சனியன்னு நெனச்சேன். அவங்க இறங்கினதும் படகை ஒரு கையால இழுத்தேன், வந்துடுச்சு.

அவங்க வீட்டுக்கு நடந்தாங்க. ஒரு ஆள் தடம்தான் தம்பி. நான் நல்லாப் பாத்தேன். ஆனா ஈரமில்லாத மணல்லயே கணுக்கால் வரைக்கும் பதிஞ்சிருந்துது.

இன்னைக்கு ஆள் ஏத்தறாங்க. அவங்க வந்து உக்காந்ததும் படகு அந்தப் பக்கம் சாஞ்சுது. படகோட்டி, "ரெண்டு பேர் இந்தப் பக்கம் மாறி உக்காருங்க"ன்னான். அவங்க ஒல்லியா இருக்கறதப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களும் சிரிச்சாங்க. ரொம்ப நாள் கழிச்சு அவங்க சிரிக்கறதப் பாத்தேன்.

இந்த லெட்டரையும் அதே படகுலதான் குடுத்து அனுப்பறேன். வந்ததும் ஒரு வரி போடுங்க. வராட்டியும் போடுங்க.

படகுக்காரம்மா


ஜூன் 12

மதிப்பிற்குரிய படகுக்காரம்மாவுக்கு,

தங்கள் கடிதம் வந்தது. அக்காவும் வந்தாள்.

கறுத்திருக்கிறாள். மற்றபடி அதே அக்கா. அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. "கொஞ்சம் பொறும்மா, மொதல்ல இதை முடிச்சுட்டு வரேன்" என்றாள். நேராக மேடைத் தராசில் ஏறினாள். பலகை முனகியது. அந்தச் சத்தத்தை எங்கள் வீட்டில் அத்தான் ஏறும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

காலையில்தான் அந்தத் தராசை எடைக்கல் வைத்துச் சரிபார்த்திருந்தேன். பிழை கிடையாது.

கோலின் மேல் நகரும் எடைக்குண்டை ஐம்பத்திரண்டில் நிறுத்தினேன். கோல் மேலே முட்டிக்கொண்டு நின்றது. தள்ளிக்கொண்டே போனேன். நூற்று முப்பதில் கோல் இறங்கியது, சமத்துக்கு ஒரு மயிரிழை கீழே.

"கொஞ்சம் கொறையுதுக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? தொழில்.

"எவ்வளவு?"

"கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல."

அக்கா அம்மா பக்கம் திரும்பினாள். பிறகு, "அம்மா, அலமாரில இருக்கே, அதை எடுத்துட்டு வா" என்றாள்.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய் அந்த ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்தாள். பலகையின் ஓரத்தில் வைத்தாள். கோல் எழுந்து சமமாக நின்றது.

"என்னோடதக் கழிச்சுட்டு, மிச்சத்த அவருக்குப் போடு" என்றாள் அக்கா.

போட்டேன். ஐம்பத்திரண்டுக்குக் கீழே ஐம்பத்திரண்டு. எழுபத்தெட்டுக்குக் கீழே எழுபத்தெட்டு. சுண்ணாம்புக்கட்டி ஒரு தடவை உடைந்தது.

அக்கா இறங்கினாள். தோளை உருட்டிக்கொண்டாள், தூரத்திலிருந்து பெட்டி தூக்கி வந்தவள் போல. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. அம்மா அழும் சத்தமும்.

பலகையில் செருப்பு மட்டும்தான் இருந்தது. நான் வழக்கம்போலக் குண்டைப் பூஜ்யத்துக்குத் தள்ளினேன். பாதி வழியிலேயே, பலகையில் ஆள் நிற்பது போல, கோல் எழுந்தது. எழுந்து நின்றுவிட்டது.

எண்ணைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே தராசு வாங்கிப்போக யாரோ வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார்.

நாங்கள் எல்லாரும் வந்தவருக்கு எண் எழுதினோமே தவிர, வந்தவரை யாரும் வாங்க என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உள்ள வாங்க அத்தான்" என்றேன்.

கோல் இறங்கியது.

தாங்கள் அந்தப் படகின் கோடுகளைச் சுரண்டிவிடலாம். காற்று மாறி மாறி அடிக்கும் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா தங்களை மிகவும் விசாரித்தாள்.

செருப்பு பலகையில் இல்லை. வீட்டுக்குள் போகும் வாசலில், சுவரோரமாகக் கழற்றிவிட்டது போலக் கிடக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது.

நன்றியுடன்,
தராசுப் பட்டறைக்காரன்